முதலில் நகல், பிறகே பழுது
மடிக்கணினியின் ஹார்டு டிஸ்க் கெடத் தொடங்கினால் சிக்கனமாகச் செய்யத்தக்கவை

(வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர்)

மடிக்கணினி இன்று நமது கிராமங்களுக்குப் புதிய பொருள் அன்று. தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ம் தேதி நமது திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கப்பெற்றது. அன்று முதல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் பயின்ற மாணவ மாணவியர் பல இலட்சம் பேர் இக்கருவியைப் பெற்றனர். எல்காட் நிறுவனத்தின் வாயிலாகக் கொள்முதல் செய்து வழங்கப்பெற்ற அந்த மடிக்கணினிகள், ஆவடி, பூவிருந்தவல்லி, அம்பத்தூர் ஆகிய பகுதிகளைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றன.

அன்று மாணவராக இருந்தவர் இன்று தொழிற்பேட்டையில் வேலை பார்க்கலாம். அல்லது திருமணமாகி வேறு ஊர் சென்றிருக்கலாம். ஆனால் அவர் விட்டுச் சென்ற கருவி வீட்டில் வேறு பணிக்கு வந்துவிட்டது. மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கு அதில் எழுதப்படுகிறது. பால் ஊற்றிய கணக்கும், கீரைக் கட்டுகளை மொத்த வியாபாரிக்குக் கொடுத்த கணக்கும் அதில் இருக்கின்றன. தம்பியின் பாடக் குறிப்புகளும், மறைந்த பாட்டியின் புகைப்படங்களும் அதிலேயே உள்ளன. இத்தகைய கருவி ஒருநாள் திடீரென நின்றுவிட்டால் குடும்பத்துக்கு நேரும் நஷ்டம், கருவியின் விலையைக் காட்டிலும் பெரிது.

பெரும்பாலும் முதலில் பழுதுறும் உறுப்புகளுள் ஒன்று, விவரங்கள் யாவும் பதிந்துள்ள ஹார்டு டிஸ்க் ஆகும். அது கெடத் தொடங்கும்போது, கையில் அதிகப் பணம் இல்லாத ஒரு குடும்பமோ ஒரு சிறிய பஞ்சாயத்தோ எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹார்டு டிஸ்க் என்பது யாது?

வன்தட்டு என்று நூல்களில் எழுதப்படும் இவ்வுறுப்பு உள்ளங்கை அளவினதான ஓர் உலோகப் பெட்டி. அதனுள் கண்ணாடி போல் பளபளக்கும் வட்டத் தட்டுகள் உள்ளன. மடிக்கணினிகளில் பொதுவாக அவை நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கின்றன. தட்டின் மேற்பரப்பில் காந்தப் பூச்சு உண்டு. ஒரு கையின் நுனியில் அமைந்த நுண்ணிய தலை ஒன்று தட்டின் மீது படாமல், மிக அருகில் மிதந்தவாறே எழுதவும் படிக்கவும் செய்கிறது. தலைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர். அதாவது, நமது தலைமயிரின் பருமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தூசி உட்புகுந்தாலும் தட்டில் கீறல் விழும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

1956-ம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வணிக ஹார்டு டிஸ்கில், இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் இருந்தன. அது கொள்ளக்கூடிய விவரமோ ஏறத்தாழ ஐந்து மெகாபைட் மட்டுமே. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒன்றிரண்டு படங்களுக்கே அது போதும். அன்று அலமாரி போன்ற பெரிய பெட்டியில் இருந்த இயந்திரம் இன்று சட்டைப்பையில் அடங்குகிறது. எனினும், சுழலும் தட்டும் அசையும் கையும் உடைய இயந்திரம் என்ற அடிப்படை மாறவில்லை. இயந்திரம் என்றால் தேய்மானம் உண்டு. நமது பம்புசெட்டைப் போல இதுவும் ஒருநாள் நின்றே தீரும்.

அந்த நாளை விரைவில் வரவழைக்கும் காரணங்கள் ஐந்து. ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே விழுதல் அல்லது அதிர்தல், காற்றோட்டமின்றி மெத்தை மீது வைத்து இயக்குவதால் உண்டாகும் வெப்பம், திடீரென மின்சாரம் நின்றுபோதல், ஈரம், நாட்பட்ட உழைப்பு ஆகியன அவை. மூன்றாவது காரணம் நமது ஊர்களில் கூடுதலாகக் கவனிக்கத்தக்கது. பழைய மடிக்கணினிகளில் பாட்டரி செயலிழந்துவிட்டபடியால் பலர் அவற்றை நேரடி மின்சாரத்திலேயே இயக்குகின்றனர். மின்தடை ஏற்படும் ஒவ்வொரு முறையும் எழுதிக்கொண்டிருக்கும் வேலை பாதியில் அறுபடுகிறது; அதனால் கோப்புகள் சிதைவதும், சில வேளைகளில் தட்டின் ஒரு பகுதி படிக்க இயலாததாகிவிடுவதும் உண்டு.

அறிகுறிகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்யும் தொழிலாளி, பேரிங் தேய்வதை ஓசையைக் கொண்டே அறிந்துகொள்வார். ஹார்டு டிஸ்கும் அவ்வாறு முன்னறிவிப்புக் கொடுப்பதுண்டு. அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

1. 'டிக், டிக்' என்று ஒரே சீராகத் தட்டும் ஓசை அல்லது உராயும் ஓசை கேட்டல்.
2. ஒரு குறிப்பிட்ட கோப்பைத் திறக்கும்போது மட்டும் கணினி நெடுநேரம் உறைந்து நிற்றல்.
3. நேற்று இருந்த கோப்பு இன்று காணாமற்போதல், அல்லது சிதைந்த எழுத்துகளுடன் திறத்தல்.
4. கணினி சில நாள் தொடங்குதலும், சில நாள் டிஸ்க் இல்லை என்று சொல்லி நிற்றலும்.

கணினி மெதுவாக இயங்குகிறது என்பதனால் மட்டும் டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தல் கூடாது. இடம் நிரம்பியிருக்கலாம், விசிறியில் தூசி அடைந்திருக்கலாம், வைரஸ் புகுந்திருக்கலாம், நினைவகம் போதாதிருக்கலாம். ஆகவே, செலவு செய்வதற்கு முன்னர் டிஸ்கையே கேட்டு அறிந்துகொள்வது நலம்.

அதற்கு வழி உண்டு. ஒவ்வொரு ஹார்டு டிஸ்கும் தன் உடல்நிலையைத் தானே ஒரு பட்டியலில் குறித்து வருகிறது. 'ஸ்மார்ட்' என்பது அப்பட்டியலின் பெயர். விண்டோஸில் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்னும் இலவச நிரல் இதனைக் காட்டும். லினக்ஸில் 'டிஸ்க்ஸ்' என்னும் கருவியும் 'ஸ்மார்ட்மான்டூல்ஸ்' என்னும் நிரலும் காட்டும். தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பெற்ற அரசு மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸும் சேர்த்தே அளிக்கப்பட்டது என்பதை இங்கு நினைவூட்டலாம்.

பட்டியலில் பல வரிகள் இருக்கும். நாம் கவனிக்க வேண்டியவை நான்கே. 5-ம் எண் வரி, கெட்டுப்போனமையால் கைவிடப்பட்டு மாற்றிடம் அளிக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. 197-ம் எண் வரி, படிக்க இயலாமல் முடிவுக்குக் காத்திருக்கும் பகுதிகள். 198-ம் எண் வரி, சோதனையில் மீட்க இயலாதவை என்று கண்டறியப்பட்ட பகுதிகள். இம்மூன்றிலும் மூல எண் பூஜ்யமாக இருத்தல் வேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ வழக்கமாக மூல எண்களைப் பதினாறின் அடிமான முறையில் காட்டும். அது புரியாவிடினும் பூஜ்யமா அன்றா என்று பார்த்தாலே போதும். பூஜ்யம் அல்லாது நாளுக்கு நாள் எண் கூடிக்கொண்டே போனால் டிஸ்கின் நாட்கள் எண்ணப்படுகின்றன என்று கொள்ளலாம். நான்காவதாகிய 199-ம் எண் வரி மட்டும் கூடினால், குற்றம் பெரும்பாலும் இணைப்புக் கம்பியில்தான். டிஸ்கை மாற்ற அவசரப்பட வேண்டியதில்லை.

இப்பட்டியலை முழுவதும் நம்பிவிடவும் கூடாது. கூகிள் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து 2007-ம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை தோன்றிய டிஸ்க், பிழை தோன்றாத டிஸ்கைக் காட்டிலும் அடுத்த அறுபது நாட்களில் கெட்டுப்போகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று அவர்கள் கண்டனர். அதே ஆராய்ச்சியில், கெட்டுப்போன டிஸ்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு அறிகுறிகளுள் ஒன்றையும் காட்டாமலே கெட்டன என்பதும் தெரியவந்தது. அறிகுறி இருந்தால் அபாயம் உறுதி. அறிகுறி இல்லாமையால் அபாயம் இல்லை என்று ஆகாது. இவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

முதல் கடமை

களஞ்சியத்தின் கூரை ஒழுகத் தொடங்கினால் விவசாயி என்ன செய்கிறார்? கூரை வேய ஆள் தேடுவதற்கு முன், உள்ளே இருக்கும் நெல்லை நனையாத இடத்துக்கு மாற்றுகிறார். கூரையை நாளை வேயலாம். நனைந்து முளைத்த நெல்லை மீட்க இயலாது. ஹார்டு டிஸ்க் விஷயத்திலும் இதுவே விதி. முதலில் நகல் எடுக்க வேண்டும். பழுது பார்ப்பதும் மாற்றுவதும் அதற்குப் பின்னரே.

ஆனால் நடைமுறையில் பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கின்றனர். டிஸ்க் கெடுகிறது என்று அறிந்தவுடன் விண்டோஸை மீண்டும் நிறுவிப் பார்க்கின்றனர். அல்லது 'செக் டிஸ்க்' என்னும் பழுது நீக்கும் கட்டளையை இரவு முழுவதும் ஓட விடுகின்றனர். நலமான டிஸ்குக்கு இவை ஏற்ற மருந்தாகலாம். நலிந்த டிஸ்குக்கு இவை கடும் உழைப்பு. தட்டின் ஒவ்வொரு மூலையையும் தலை பன்முறை தடவிப் பார்க்கிறது. மீதமிருந்த ஆயுள் அதிலேயே செலவாகிவிடுகிறது. மேலும், மீண்டும் நிறுவும் வேலை பழைய கோப்புகளின் மேலேயே புதியன எழுதிவிடக்கூடும். ஆகவே நலிந்த டிஸ்க் ஓடும் ஒவ்வொரு நிமிடத்தையும் செலவாகக் கருதி, அந்த நிமிடங்களை நகல் எடுக்க மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

எதை முதலில் நகல் எடுப்பது? கையில் அகப்பட்டதை எல்லாம் ஒருசேர இழுப்பது தவறு. பாதியில் டிஸ்க் நின்றுவிட்டால் தேவையற்ற சினிமாப் படங்கள் தப்பியிருக்கும். குழுவின் கணக்குப் போயிருக்கும். பின்வரும் வரிசை உகந்தது.

முதலாவது, உலகில் வேறெங்கும் இல்லாதவை: நமது கையால் எழுதிய கணக்குகள், குடும்பப் புகைப்படங்கள், குழுத் தீர்மானங்களின் வரைவுகள், மாணவரின் குறிப்புகள். இவை அளவில் சிறியவை. சில நிமிடங்களில் நகலாகிவிடும்.

இரண்டாவது, மீண்டும் பெறலாம், ஆனால் அலைச்சல் உண்டு என்பவை: வங்கிக் கடிதங்கள், விண்ணப்பங்களின் நகல்கள், ரசீதுகள்.

மூன்றாவது, எப்போது வேண்டுமானாலும் பெறத்தக்கவை: பட்டா, சிட்டா நகலை அரசின் இணைய சேவைத் தளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். 2015-ம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கரில் ஆதார், ஓட்டுநர் உரிமம் முதலியவற்றைப் பெறலாம். இவற்றுக்காக நலிந்த டிஸ்கின் ஆயுளை வீணாக்க வேண்டாம். சினிமா, பாட்டு, நிரல்கள் ஆகியன கடைசியில் வரட்டும்.

நகல் எடுக்கும் முறை

டிஸ்கில் ஓசை ஏதும் இன்றி, கணினியும் தொடங்குமானால், ஒரு பென் டிரைவைச் செருகி மேற்கண்ட வரிசைப்படி சிறு சிறு கோப்புறைகளாக நகல் எடுக்கவும். ஒரு கோப்பில் கணினி உறைந்து நின்றால் அதனை விட்டு அடுத்ததற்குச் செல்லவும். அதனோடு போராட வேண்டாம். கணினியை மேசை மீது, விசிறிக் காற்றில் வைக்கவும். டிஸ்க் சூடேறினால் நிறுத்தி ஆறவிட்டுத் தொடரவும்.

விண்டோஸ் தொடங்கவில்லை எனில் மனம் தளர வேண்டாம். லினக்ஸை ஒரு பென் டிரைவிலிருந்தே இயக்கலாம். வேறொரு கணினியில் அதனைத் தயாரித்துக்கொண்டு, பழுதுற்ற கணினியை அதன் மூலம் தொடங்கினால், ஹார்டு டிஸ்கில் எதையும் எழுதாமல் அதிலுள்ள கோப்புகளை மட்டும் படித்து வேறொரு பென் டிரைவுக்கு மாற்றலாம். ஊரில் கணினி பயின்ற இளைஞர் ஒருவர் இருந்தால் இது ஒரு மாலைப் பொழுதின் வேலை.

பல இடங்களில் படிக்க இயலாத டிஸ்குக்கு 'ஜிஎன்யூ டிடி-ரெஸ்க்யூ' என்னும் இலவச நிரல் சிறந்தது. இது முதற்சுற்றில் எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, கடினமானவற்றைப் பின்னுக்குத் தள்ளிவிடும். எதுவரை எடுத்தோம் என்பதை ஒரு குறிப்பேட்டுக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். மின்சாரம் நின்றாலும் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால், முழு டிஸ்கையும் கொள்ளத்தக்க வேறொரு டிஸ்க் இதற்கு வேண்டும். எது மூலம், எது நகல் என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் உள்ளதும் அழிந்துபோகும். ஆகையால் அறிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டே இதனைச் செய்தல் வேண்டும்.

'டிக், டிக்' ஓசை கேட்கிறது, அல்லது கணினிக்கு டிஸ்கே தெரியவில்லை எனில் உடனே நிறுத்திவிடுக. மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்த்தால் தலை தட்டைக் கீறிவிடும். டிஸ்கைத் திறந்து பார்த்தல், தட்டிப் பார்த்தல், குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தல் முதலிய வைத்தியங்கள் ஆகா. இந்நிலையில் தூசியற்ற அறையுடைய மீட்பு நிலையத்தாரே உதவ முடியும். அதற்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். விவரம் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. உள்ளே இருப்பதன் மதிப்பு அத்தொகைக்கு ஈடாகுமா என்று குடும்பத்தார் கூடி முடிவு செய்ய வேண்டும். இப்போது பணம் இல்லையெனில், டிஸ்கை இயக்காமல் உலர்ந்த இடத்தில் பத்திரப்படுத்தி வைக்கலாம். பின்னர் வசதி வரும்போது முயலலாம்.

செலவுத் திட்டம்

கீரையும் இரண்டு கறவை மாடும் வைத்துப் பிழைக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டில் ஒரே மடிக்கணினி; ஒதுக்கக்கூடிய தொகை இரண்டாயிரம் ரூபாய். அத்தொகையை எவ்வரிசையில் செலவிடுவது?

முதற்படி, செலவில்லாதது. மிக முக்கியமான சில கோப்புகளைக் கைப்பேசிக்கோ, மின்னஞ்சலுடன் வரும் இலவச இணைய இடத்துக்கோ அன்றே அனுப்பிவிடலாம். குழுக் கணக்குகளைத் தாளில் அச்சிட்டு வைத்தலும் நகலே.

இரண்டாம் படி, சில நூறு ரூபாய். நல்ல நிறுவனத்தின் பென் டிரைவ் ஒன்று வாங்கி வரிசைப்படி நகல் எடுத்து முடிக்க வேண்டும். இவ்விரு படிகளும் முடியும் வரை மூன்றாம் படிக்குச் செல்லலாகாது.

மூன்றாம் படி, டிஸ்கை மாற்றுதல். பழைய மடிக்கணினிகளில் இருப்பது பொதுவாக 'சாட்டா' வகை, இரண்டரை அங்குல டிஸ்க். அதே இடத்தில் எஸ்.எஸ்.டி. எனப்படும், சுழலும் பாகமற்ற டிஸ்கைப் பொருத்தலாம். அது அதிர்ச்சியைத் தாங்கும். பழைய கணினியையும் விரைவாக இயங்கச் செய்யும். வீட்டு உபயோகத்துக்கு 240 அல்லது 256 ஜிபி அளவே போதும். பெரிய அளவுக்குப் பணம் கொடுக்க வேண்டுவதில்லை. 2023-ம் ஆண்டில் இவ்வளவினது இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. 2025-ம் ஆண்டின் இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் உயர்ந்தது. ஆகையால் இரண்டு மூன்று கடைகளில் விசாரித்தே வாங்குக. ஆவடி, அம்பத்தூரிலிருந்து புறநகர் ரயிலில் சென்ட்ரல் சென்றால், கணினி உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற ரிச்சி தெரு அங்கிருந்து தொலைவில் இல்லை.

விலை நம் கையில் இல்லை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. நமது மாவட்டத்தில் மடிக்கணினித் திட்டம் தொடங்கிய அடுத்த மாதமே, 2011 அக்டோபரில், தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தது. அங்கே அயூத்தியா பகுதியில் இருந்த ஹார்டு டிஸ்க் ஆலைகள் நீரில் மூழ்கின. உலகம் முழுவதும் டிஸ்க் விலை ஏறியது. எங்கோ பெய்த மழை நமது ஊர்க் கடையின் விலைப்பட்டியலை மாற்றியது. நகல் கையில் இருப்பவர் அத்தகைய காலத்தில் விலை இறங்கும் வரை பொறுத்திருக்கலாம். நகல் இல்லாதவருக்குப் பொறுக்க வழியில்லை.

இரண்டாயிரம் ரூபாயில் பென் டிரைவுக்குப் போக மீதி, எஸ்.எஸ்.டி.க்குப் போதவில்லை எனில், லினக்ஸ் நிறுவிய பென் டிரைவிலேயே சில மாதம் கணினியை இயக்கிக்கொள்ளலாம். வேகம் குறைவு, எனினும் எழுதவும் இணையம் பார்க்கவும் இயலும். பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றை மலிவாக வாங்குவோர், 'ஸ்மார்ட்' பட்டியலின் 9-ம் எண் வரியில் அது எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும், மேற்கூறிய மூன்று வரிகளில் பூஜ்யம் உள்ளதா என்பதையும் கடையிலேயே பார்க்க வேண்டும்.

கடையில் இன்னும் மூன்று விஷயங்களில் எச்சரிக்கை வேண்டும். மிகப் பெரிய கொள்ளளவு மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்றால் அது பெரும்பாலும் போலி. எழுதியது போல் காட்டும், திறந்தால் இராது. இரண்டாவது, உத்தரவாதக் காலம் குறிக்கப்பட்ட ரசீது இன்றி வாங்குதல் கூடாது. மூன்றாவது, கழற்றிய பழைய டிஸ்கைக் கடையிலேயே விட்டுவிடக் கூடாது. அதில் நமது ஆதார் நகலும் வங்கி விவரமும் இருக்கின்றன. அதனை வீட்டுக்குக் கொண்டுவந்து, நகல் சரியாக உள்ளது என்று உறுதியான பின், தட்டுகளைச் சிதைத்து மின்னணுக் கழிவு பெறுவோரிடம் சேர்க்க வேண்டும்.

புதிய டிஸ்கில் எதை நிறுவுவது? விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் பொது ஆதரவு நின்றுவிட்டது. பழைய கருவிக்குப் புதிய விண்டோஸ் பெரும்பாலும் பொருந்தாது. இலகுவான லினக்ஸ் ஒன்றை இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். தமிழில் எழுதவும் கணக்கு வைக்கவும் தக்க லிபர் ஆபீஸும் இலவசமே.

எஸ்.எஸ்.டி. பொருத்தியதோடு கவலை தீர்ந்தது என்று எண்ணலாகாது. சுழல் தட்டு ஓசை எழுப்பிச் சாகும், எஸ்.எஸ்.டி. சத்தமின்றியே சாகும். நெடுங்காலம் மின்சாரமின்றி வைத்திருந்தால் அதிலுள்ள விவரம் அழியவும் கூடும். நகல் எடுக்கும் பழக்கம் ஒன்றே நிலையான காவல்.

பஞ்சாயத்து அலுவலகத்தில்

இ-கிராம் ஸ்வராஜ் என்னும் மத்திய இணையத்தளம் 2020 ஏப்ரல் 24-ல் தொடங்கப்பெற்றது. அதில் பதிவான திட்டங்களும் கணக்குகளும் நமது கணினி கெட்டாலும் அழிவதில்லை. தீர்மானப் புத்தகமும் தாளில் இருக்கிறது. ஆனால் வரைவுகள், பணி நடந்த இடங்களின் புகைப்படங்கள், குடிநீர் இணைப்புப் பட்டியல், குடிமக்களின் மனுக்களுக்கு எழுதிய பதில்கள் ஆகியன பெரும்பாலும் அலுவலகக் கணினியில் மட்டுமே உள்ளன. ஒரு தெருவிளக்குப் பணிக்கு முன்னும் பின்னும் எடுத்த படம் இல்லையெனில், பின்னர் எழும் தணிக்கை வினாவுக்கு விடையளிப்பது கடினம்.

ஆகவே ஒவ்வொரு பஞ்சாயத்தும் இரண்டு நகல்கள் வைத்திருத்தல் நன்று: ஒன்று அலுவலகப் பூட்டறையில், மற்றொன்று வேறு கட்டிடத்தில், உயரமான தளத்தில். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளில் தேங்கிய நீரையும் கண்டவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டுவதில்லை. கணினியும் நகலும் ஒரே மேசை அறையில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே நனையும். நீரில் நனைந்த கணினியை உலர்ந்துவிட்டது என்று எண்ணி உடனே இயக்கிப் பார்த்தலும், அடுப்பருகில் வைத்துச் சூடேற்றுதலும் கூடா.

டிஸ்க் மாற்றும்போது, பழைய டிஸ்கின் வரிசை எண்ணையும் புதியதன் எண்ணையும் இருப்புப் பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். டிஜிட்டல் கையொப்பச் சாவி பயன்படும் கணினியாயின், அச்சாவி புதிய இயக்க முறையில் வேலை செய்யுமா என்று முன்னரே பஞ்சாயத்து யூனியன் அலுவலகத்தில் கேட்டறிந்த பின் மாற்றுக.

நகல் எடுப்பதற்கு நாள் குறித்துவிட்டால் மறதி வராது. நமது மாநிலத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள் கிராம சபைக்கு உரியன. வாரந்தோறும் நகல் எடுப்பதோடு, ஒவ்வொரு கிராம சபைக்கும் முந்திய வாரத்தில் நகலிலிருந்து இரண்டு மூன்று கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். திறந்து பார்க்காத நகல், முளைப்புத் திறன் சோதிக்காத விதையைப் போன்றது.

பஞ்சாயத்துக் கூட்டத்தில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

1. நமது அலுவலகக் கணினி இன்றிரவே நின்றுபோனால், வேறெங்கும் இல்லாத எந்த விவரங்கள் நம்மை விட்டுப் போகும்?
2. கடைசி நகல் எடுத்த தேதி எது? அது இப்போது எந்தக் கட்டிடத்தில் இருக்கிறது? அதைத் திறந்து பார்த்தவர் யார்?
3. ஊரில் உள்ள பழைய அரசு மடிக்கணினிகளின் 'ஸ்மார்ட்' பட்டியலை இலவசமாகப் பார்த்துச் சொல்லக் கணினி பயின்ற இளைஞர்கள் எத்தனை பேர் உள்ளனர்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக் கட்டிடத்தில் அவர்களைக் கொண்டு ஒரு முகாம் நடத்த இயலுமா?
4. மகளிர் குழுக்கள் தங்கள் கணக்கின் நகலை வைக்கப் பஞ்சாயத்துப் பூட்டறையில் இடம் அளிக்கலாமா? அளித்தால் அதற்குப் பொறுப்பாளர் யார்?